பால்கனிக்கு நடுவில் இருந்த அட்டை

கப்பலில் ஒரு பால்கனிக்கும் அடுத்த பால்கனிக்கும் நடுவே நிற்பதைச் சுவர் என்று சொல்ல முடியாது. அது ஒரு அட்டை. வெள்ளைப் பூச்சு பூசியது, ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே நிற்பது. கீழே ஒரு சாண் இடைவெளி. பக்கத்துக் கேபின்காரர் செருப்பைக் கழற்றினால் பாதம் தெரியும், தொண்டையைச் செருமினால் நம் காதுக்குள் கேட்கும். விளம்பரத்தில் இதற்குப் பெயர் ‘உங்களுக்கே உங்களுக்கான பால்கனி’.

இந்தக் கப்பலைப் பற்றி இணையத்தில் கிடந்த வீடியோவை எல்லாம் ஒன்று விடாமல் பார்த்து முடித்தவள் நான். அந்த அட்டைக்கு ஒரு பக்கம் கீல் உண்டு, மறுபக்கம் பூட்டு உண்டு, மின்சாரப் பெட்டியைத் திறக்கிற மாதிரி ஒரு சதுரச் சாவியைப் போட்டுத் திருகினால் கதவாக மடங்கி இரண்டு பால்கனியும் ஒன்றாகிவிடும் என்பதெல்லாம் ஏறுவதற்கு முன்பே எனக்குத் தெரியும். ஆனால் வீட்டில் யாரிடமும் மூச்சு விடவில்லை. தெரிந்ததைச் சொல்லாமல் இருப்பது என் பழக்கத்திலேயே கிடையாது, இருந்தும் அடக்கிக்கொண்டேன். என்ன பிரயோஜனம்? எங்களோடு கப்பல் ஏறிய கொடுமுடிக்காரர் கைப்பேசியிலும் இணையம் வருகிறதே.

நாங்கள் கப்பல் ஏறியது கடல்மேல் ஆசைப்பட்டு அல்ல. கொங்கு நாட்டு வியாபாரிகளில் பாதிப் பேர் உலகத்தைப் பார்த்த கதை ஒன்றுதான்: பெயிண்ட் விற்றால் பாங்காக், மோட்டார் விற்றால் துபாய். எங்கள் அப்பாவும் பெரியப்பாவும் மதுக்கரையில் பக்கத்துப் பக்கத்தில் கடை வைத்துப் பிளாஸ்டிக் பைப் விற்கிறார்கள். பைப் கம்பெனி இந்த முறை டீலர்களைக் கப்பலில் ஏற்றியது. சென்னைத் துறைமுகத்தில் ஏறி இலங்கைப் பக்கம் போய்த் திரும்பும் கப்பல். ஆளுக்கு ஒரு கேபின், மனைவியோடு. என்னை மட்டும் அப்பா தன் கேபினில் மூன்றாவது ஆளாகச் சேர்த்தார். படித்து முடித்து, சரவணம்பட்டியில் ஒரு வேலையைப் பிடிக்காமல் விட்டுவிட்டு, அடுத்ததைத் தேடிக்கொண்டிருந்த காலம். “இங்கிலீசு பேச ஒராளு வேணுமில்ல, இவ சும்மாதான இருக்கறா” என்றார் பெரியப்பா. அந்தச் ‘சும்மா’வை இன்னும் நான் மறக்கவில்லை.

பயணம் உறுதியானதும் வீட்டில் ஆளாளுக்கு ஒரு கேள்வி. சாம்பார் கிடைக்குமா, கப்பல் ஆடுமா, சிக்னல் வருமா. அம்மா எதுவும் கேட்கவில்லை. எல்லாரும் போன பிறகு, பாத்திரத்தைக் கவிழ்த்துக்கொண்டே கேட்டாள்:

“ஏங்கண்ணு, அந்த பால்கனில உக்காந்தா வேற ஆராச்சும் பாப்பாங்களா?”

“ஆரும் பாக்க மாட்டாங்க. முன்னால கடல்தான்.”

“நைட்டியோட உக்காரலாமா?”

இதைப் புரிந்துகொள்ள எங்கள் வீட்டைச் சொல்ல வேண்டும். ஒரே காம்பவுண்டுக்குள் இரண்டு வீடு. பெரியப்பா அம்மாவுக்கு மூத்தார், புருஷனின் அண்ணன். அவர் எதிரே அம்மா நாற்காலியில் உட்காரக்கூடாது. நேருக்கு நேர் பேசக்கூடாது. சொல்ல வேண்டியதை அப்பாவிடமோ என்னிடமோ சொல்ல வேண்டும், அவரும் எங்களிடம்தான் சொல்வார், மூன்று பேரும் ஒரே அறையில் நின்றுகொண்டிருந்தாலும். அவர் வரும் சத்தம் கேட்டால் நைட்டிக்குமேல் துண்டு போட்டுக்கொள்ள வேண்டும். அவர் எந்நேரமும் வருவார் என்பதால் துண்டு எந்நேரமும் தோளில் கிடக்கும். பெரியப்பாவும் தன் பங்கு வழக்கத்தில் ஒரு குறை வைத்ததில்லை. தம்பியின் படுக்கையறை வாசலை அவர் ஒருநாளும் மிதித்ததில்லை. கூடம் வரைக்கும் காம்பவுண்டு முழுக்க அவருடையது, அந்த ஓர் அறையைத் தவிர. மரியாதை என்றால் இதுதான் என்பார்கள். எங்கள் பக்கம் மரியாதைக்குப் பஞ்சமே இல்லை. ‘ங்க’ போட்டுக் கூப்பிட்டுக்கொண்டே ஒரு பெண்ணை இருபத்தைந்து வருஷம் நிற்க வைக்கலாம்.

கப்பல் கரையை விட்டு நகர்ந்த மாலை, அப்பா மேல்தளத்தில் மற்ற டீலர்களோடு படமெடுக்கப் போய்விட்டார். அம்மா குளித்தாள். தலையைத் துவட்டிவிட்டுத் துண்டை வழக்கம்போலத் தோளில் போட்டாள். கண்ணாடிக் கதவை நகர்த்தி எட்டிப் பார்த்தாள். இடது பக்கம் பார்த்தாள், வலது பக்கம் பார்த்தாள். அப்புறம் துண்டை எடுத்துக் கட்டிலில் எறிந்துவிட்டு வெளியே போய் நாற்காலியில் உட்கார்ந்தாள். சற்று நேரத்தில் இரண்டு காலையும் தூக்கிக் கம்பிமேல் வைத்தாள்.

என் அம்மா காலை நீட்டி உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. நான் கப்பலின் எடையைப் பற்றி ஏதோ சொல்லப் போனேன். “சித்த நேரம் பேசாம இரு கண்ணு” என்றாள்.

அப்போது அட்டைக்குக் கீழே இரண்டு பாதங்கள் வந்து நின்றன. பெரியப்பாவின் பாதங்கள். அடுத்த கேபின் அவருடையது.

“தம்பீ! இருக்கறயா?”

அம்மா காலைக் கீழே இறக்கினாள். எழுந்து நின்றேவிட்டாள். அட்டைக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்கு!

“அப்பா மேல போயிருக்காருங்க பெரியப்பா” என்றேன்.

“காத்து எப்பிடி வருது பாரு அம்மணி! நம்ம பாலக்காட்டுக் கணவாய்க் காத்தாட்டவே இருக்குது.” கொஞ்சம் நிறுத்தி, அட்டையை விரலால் தட்டினார். “இது எதுக்கு நடுவால?”

அன்றே இதோடு முடிந்திருக்கும். இரவுச் சாப்பாட்டில் கொடுமுடிக்காரர் வந்து கெடுத்தார். அவர் வாழைத்தோட்டத்துக்குச் சொட்டுநீர்ப் பைப் விற்கிறவர். சொந்தக்காரர்களாக நான்கு கேபின் வாங்கி, ஏறிய கையோடு நடுவில் இருந்த மூன்று அட்டைகளையும் திறக்க வைத்து, நீளமான ஒரே வராந்தாவாக்கி, அதில் எல்லாரும் வரிசையாக நின்று படம் எடுத்து, டீலர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டிருந்தார். ‘கடல்மேல் ஒரே குடும்பம்’ என்று எழுதிக் கைகூப்பு பொம்மை வேறு. இன்னொரு டீலரான சோமனூர்க்காரர் பார்த்தார், அவரும் திறந்தார். ராத்திரிக்குள் டீலர்களுக்குள் அட்டை திறக்கும் காய்ச்சல் பரவிவிட்டது.

எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. இவர்கள் யார் தெரியுமா? ஊரில் ஒரு முழம் வரப்புக்காகப் பங்காளிமேல் வழக்குப் போட்டு, வாய்தா வாய்தாவாக அலைகிறவர்கள். காம்பவுண்டுச் சுவரின் உச்சியில் பாட்டில் சில்லுப் பதிக்கிறவர்கள். நிலத்தில் ஒட்டாத பாசம், கால் வைக்க மண்ணே இல்லாத இடத்துக்கு வந்ததும் பொங்கி வழிகிறது. அளக்க ஆள் இல்லாத இடத்தில் எல்லாரும் வள்ளல்தான்.

மறுநாள் காலை கேபினைச் சுத்தம் செய்கிறவர் வந்தார். கோவாக்காரர், ஐம்பது வயதிருக்கும், எதற்கும் ஒரே புன்னகை. பெரியப்பா அவரை வழியிலேயே மடக்கி எங்கள் கேபின் வாசலுக்குக் கொண்டுவந்தார். தான் மட்டும் வாசலுக்கு வெளியிலேயே நின்றுகொண்டார்.

“அம்மணி, அந்த அட்டையத் தொறக்கச் சொல்லு.”

சொன்னேன். அவர் புன்னகைத்தார். திறக்கலாம், ஆனால் இரண்டு கேபினில் இருப்பவர்களும் சம்மதிக்க வேண்டும் என்றார். பிறகு அம்மா பக்கம் திரும்பி, “மேடம், ஓகே?” என்றார்.

 அப்பா பல்துலக்கும் பிரஷ்ஷோடு குளியலறை வாசலில் நின்றார்.

“அவளைக் கேக்கறதுக்கு என்ன இருக்குது, தொறக்கச் சொல்லு” என்றார் பெரியப்பா, வெளியிலிருந்து.

“அவங்ககிட்டக் கேக்கோணுமாம் பெரியப்பா. ரூல்சாம்.”

அம்மா கட்டிலின் அந்தப் பக்கம் தோளில் துண்டோடு நின்றிருந்தாள். என்னைப் பார்க்கவில்லை, அப்பாவைப் பார்க்கவில்லை. கோவாக்காரரை மட்டும் பார்த்து, “வேண்டாங்க” என்றாள். அவருக்குத் தமிழ் தெரியாது என்பது நினைவு வந்து, “நோ” என்று சேர்த்தாள். தெரியாத ஆளிடம் சொல்வதற்கு எங்கள் வழக்கத்தில் தடை எதுவும் இல்லை.

“என்ன சொல்றா?” என்றார் பெரியப்பா. காது நன்றாகக் கேட்கும் அவருக்கு.

“வேண்டாங்கறாங்க.”

“ஓ” என்றார். “செரி, செரி. அவிய இஷ்டம்.” போய்விட்டார்.

அப்பா பிரஷ்ஷை வாயிலிருந்து எடுத்தார். “ஏன் இப்பிடிப் பண்ற? அண்ணன் மூஞ்சி போன போக்கப் பாத்தியா? அல்லாருந் தொறந்து போட்டிருக்காங்க, நம்மது மட்டும் சாத்திக் கெடந்தா என்ன நெனைப்பாங்க?”

“நாம ரெண்டு நாளைக்குச் சாத்தியிருக்கறதப் பாத்து என்னங்க நெனைப்பாங்க?” என்று கேட்டாள் அம்மா. கோபமே இல்லாத குரல். அப்பா வாயைக் கொப்பளிக்கப் போனார். என் அப்பா கெட்டவர் இல்லை. கொத்தனார் மட்டம் பார்க்கிற வாட்டர் லெவல் பைப் மாதிரி, எந்தப் பக்கம் தூக்கினாலும் அந்தப் பக்கத்திலிருந்து இறங்கிவிடுவார்.

காலைச் சிற்றுண்டிக்கு அம்மாவும் நானும் முதலில் போனோம். திரும்பி வந்தபோது அட்டை திறந்திருந்தது.

அப்பா சம்மதம் சொல்லியிருக்கிறார். அவரும் அந்தக் கேபினில் இருப்பவர்தானே, விதி மீறவில்லை. எங்கள் பால்கனிக் கம்பியில் பெரியப்பாவின் வேட்டி காற்றில் படபடத்தது. அதைப் பறக்காமல் பிடிக்க, ஊரிலிருந்து கொண்டுவந்த முறுக்கு டப்பா ஒரு முனையில். அம்மா உட்கார்ந்த நாற்காலியில் சோமனூர்க்காரர். இன்னொன்றில் பெரியப்பா. நூல் விலை, பைப் விலை, ஜிஎஸ்டி. நாற்காலி கிடைக்காத அப்பா நின்றுகொண்டு எல்லாருக்கும் முறுக்கு நீட்டிக்கொண்டிருந்தார். கடலைப் பார்க்க ஒருவரும் திரும்பவில்லை. கப்பலே வேண்டாம் இவர்களுக்கு, மதுக்கரை மார்க்கெட் சாலையில் நான்கு நாற்காலி போட்டிருந்தால் போதும்.

அம்மா கண்ணாடிக் கதவுக்கு உள்ளே திரையை இழுத்துவிட்டாள். கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். பெரியம்மா அந்தப் பக்கத்திலிருந்து பால்கனி வழியே வந்து, திரையை விலக்கி, “இருட்டுக்குள்ள ஏன் உக்காந்திருக்கற? வெளிய வா, நல்லாருக்குது” என்றாள். அம்மா, “தலைவலிங்க அக்கா” என்றாள். எனக்குக் கொதித்தது. நான் போய்ப் பேசுகிறேன் என்றேன். விதியை, உரிமையை, எல்லாவற்றையும் வரிசையாக மனதில் அடுக்கிவிட்டேன். இரண்டு மொழியிலும் தயார்.

“நீ ஒண்ணும் பேசவேண்டாம்” என்றாள் அம்மா.

வெயில் ஏறியதும் கூட்டம் கலைந்தது. மதியச் சாப்பாட்டுக்கு வரிசை நீளும் என்று அப்பாவும் சோமனூர்க்காரரும் பெரியம்மாவும் முன்கூட்டியே கிளம்பினார்கள். பெரியப்பா மட்டும் “காலைல தின்ன பொங்கலே இன்னும் எறங்கல” என்று எங்கள் பால்கனி நாற்காலியிலேயே சாய்ந்து, வாயைத் திறந்து தூங்கிப்போனார்.

அம்மா திரை இடுக்கில் பார்த்தாள். அப்புறம் கட்டிலருகே இருந்த தொலைபேசியை எடுத்து என்னிடம் நீட்டினாள். “அந்தச் சாவிக்காரரைக் கூப்புடு.”

கோவாக்காரர் வந்தார். எங்கள் கேபின் வழியே பால்கனிக்குப் போனார். தூங்குகிறவரைப் பார்த்துத் தயங்கி, “ஜென்டில்மேன்?” என்றார்.

“ஃபேமிலி” என்றாள் அம்மா. “நோ பிராப்ளம். குளோஸ்.”

கப்பல் இரைச்சலில் அட்டை மூடியது கேட்கவே இல்லை. சாவி திரும்பியது. அவர் புன்னகைத்துவிட்டு வந்த வழியே போனார்.

“அம்மா! பெரியப்பா இந்தப் பக்கம்!” என்றேன்.

“எழுப்பாத. அசந்து தூங்கறாரு.”

நான் திரை இடுக்கிலேயே நின்றேன். நகரவே முடியவில்லை. கொஞ்ச நேரத்தில் வெயில் முகத்தில் அடித்துப் பெரியப்பா விழித்தார். வேட்டியைச் சரிசெய்துகொண்டு எழுந்து, தன் கேபினுக்குப் போக இரண்டடி வைத்தார். அட்டை. தள்ளினார். அட்டை. குனிந்து இடைவெளியில் பார்த்தார். “ஏம்புள்ள!” என்று பெரியம்மாவைக் கூப்பிட்டார். “தம்பீ!” என்றார். இரண்டு பேரும் சாப்பாட்டு வரிசையில். பிறகு எங்கள் கண்ணாடியை மெதுவாகத் தட்டினார். நான் திறந்தேன்.

“அட்டைய ஆரு சாத்துனது?”

“அம்மாதானுங்க பெரியப்பா, சொல்லிச் சாத்துனாங்க.”

“அப்ப அந்தாளக் கூப்புடு, தொறக்கட்டும்.”

“எதுக்குங்க, இப்பிடி உள்ள வந்து வெளிய போலாமே. நாலு எட்டுத்தான்.”

அவர் என் தோளுக்கு மேலே பார்த்தார். விரித்த கட்டில், அதன்மேல் காய்ந்துகொண்டிருக்கும் அம்மாவின் பாவாடை, கட்டில் விளிம்பில் தலையை விரித்துவிட்டு உட்கார்ந்திருக்கும் அம்மா. சட்டென்று கடல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“தம்பி வரட்டும்” என்றார்.

தம்பி வந்தால் மட்டும் என்ன? கதவு வழி ஒன்றுதான். ஆனால் தம்பியின் அறையைத் தாண்டித்தான் தன் அறைக்குப் போக முடியும் என்ற நிலைமையில் மனிதர் இதுவரை இருந்ததில்லை. அம்மாவின் பால்கனியை எடுத்துக்கொள்ள ஒரு கூச்சமும் இல்லை, அவள் அறையைக் கடக்க மட்டும் கால் கூசுகிறது.

“தண்ணி வேணுமான்னு கேளு” என்றாள் அம்மா, என்னிடம்.

“தண்ணி வேணுமாங்க பெரியப்பா?”

“வேண்டாம்னு சொல்லு.”

“வேண்டாங்கறாரும்மா.”

“வெயிலு அடிக்குது, துண்டு வேணுமான்னு கேளு.”

அவர் துண்டையும் வேண்டாம் என்றார். மூன்று பேருக்கும் இடையே ஆறு அடிகூட இல்லை. நான் மொழிபெயர்ப்பாளர் மாதிரி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தலையைத் திருப்பிக்கொண்டிருந்தேன். தமிழிலிருந்து தமிழுக்கு.

கடைசியில் அவருக்குப் பொறுக்கவில்லை. “சாத்தோணும்னு இருந்தா ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்லன்னு கேளு உங்கம்மாளை.”

“காத்தாலயே சொன்னேன்னு சொல்லு.”

“நாம என்ன அசலா, வேத்தாளா? ஒரே குடும்பம். ஒட்டுக்கா உக்காந்தா என்ன கெட்டுப்போச்சு? அதையும் கேளு.”

அம்மா சீப்பை எடுத்துச் சிக்கு எடுத்தாள்.

“ஒரே குடும்பம்னா இப்பிடி வந்து போலாம். அசலுன்னா அங்க உக்காரக்கூடாது. ரெண்டுல எதுன்னு அவரையே சொல்லச் சொல்லு கண்ணு.”

நான் இதைத் திருப்பிச் சொல்லவே இல்லை. தேவைப்படவில்லை. பெரியப்பாவின் முதுகு கேட்டுவிட்டது. வேட்டியைக் கம்பியிலிருந்து உருவினார். முறுக்கு டப்பாவை எடுத்து அக்குளில் இடுக்கினார். தலையைக் குனிந்து, வலது பக்கச் சுவரையே பார்த்துக்கொண்டு, மழைக்குப் பயந்து ஓடுகிறவர் மாதிரி எங்கள் அறையைக் கடந்தார். அம்மா எழுந்திருக்கவில்லை. சீவிக்கொண்டே இருந்தாள். வாசல் கதவைத் திறக்கத் தெரியாமல் அவர் கைப்பிடியைத் தப்பாகத் திருகியபோது, “கீழ அமுத்தச் சொல்லு” என்றாள்.

சாப்பாட்டிலிருந்து வந்த அப்பா, அட்டையைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். “அண்ணன் சாப்பிட வரலை” என்றார். “வருவாருங்க, பசிக்குமில்ல” என்றாள் அம்மா. நாங்கள் சாப்பிடப் போனபோது பெரியப்பாவும் வந்தார், இரண்டு முறை பிரியாணி வாங்கினார், அட்டையைப் பற்றி வாய் திறக்கவில்லை. சாயங்காலம் டீலர் குழுவில் அவர் படமும் வந்தது, கொடுமுடிக்காரர் வராந்தாவில், அந்தக் குடும்பத்தின் கடைசி ஆளாக, ஓரத்தில் நின்றுகொண்டு. மற்றவர்கள் அட்டைகளும் அடுத்த நாளே மூடிக்கொண்டன. கொடுமுடிக்காரர் மச்சான் விடியற்காலையில் எல்லாக் கேபின் வழியாகவும் காப்பி கேட்டு நடந்தானாம். ஒரே குடும்பம் என்பது அவ்வளவுதான் தாங்கும்.

எங்கள் அட்டையை மூடிய அன்று சாயங்காலம் அம்மா மறுபடியும் வெளியே போய் உட்கார்ந்தாள். துண்டு இல்லை, கால் கம்பிமேல். எனக்கோ உடம்பெல்லாம் துறுதுறுப்பு. நானும் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்து, நடந்ததை முதலிலிருந்து அவளுக்கே நடித்துக் காட்டினேன். பெரியப்பா குனிந்து பார்த்தது, கைப்பிடியைத் திருகியது, எல்லாம். ஊருக்குப் போனதும் அடுத்து என்னென்ன மாற்ற வேண்டும் என்று திட்டம்கூடப் போட ஆரம்பித்தேன்.

அம்மா கொஞ்ச நேரம் சிரித்தாள். பிறகு சொன்னாள்:

“கண்ணு, நீ மேல போயி நீச்சக்கொளம் பாத்துட்டு வா.”

“பாத்துட்டேனே.”

“மறுக்கா பாரு.”

“எதுக்கு?”

“போ சாமி. போறப்ப கதவச் சாத்திட்டுப் போ.”

எனக்குச் சுருக்கென்றது. நான் அவள் கட்சி அல்லவா! தொலைபேசியில் ஆளைக் கூப்பிட்டதே நான் அல்லவா! எதிர்த்துப் பேச வாயெடுத்தேன். அவள் அதற்குள் கடல் பக்கம் திரும்பிவிட்டாள். நாற்காலியை எடுத்து உள்ளே வைத்தேன். கண்ணாடிக் கதவை மூடினேன், வாசல் கதவையும் மூடினேன்.

மேல்தளத்தில் கொடுமுடிக்காரர் ஐஸ்கிரீம் கோனோடு நின்றார். “ஏனுங் அம்மணி, அம்மாவ வெளியவே காணமுங்களே, ஒடம்பு செரியில்லீங்களா?”

“நல்லாருக்காங்க. கொஞ்சம் வேலையா இருக்காங்க.”

“கப்பல்ல என்னங்க வேலை?”

நீச்சல் குளத்தை எட்டிப் பார்க்கிற சாக்கில் நான் நகர்ந்துவிட்டேன்.